உலாவி திறக்கிறது, மேவன் மறுக்கிறது: ஜாவா கருவிகளில் பாதுகாப்பு இணைப்புப் பிழைகளைத் தீர்ப்பது எப்படி?

ஜாவா திட்டங்களைக் கட்டமைத்து, அவற்றுக்குத் தேவையான நூலகங்களை இணையத்திலிருந்து இறக்கித் தரும் கருவி மேவன். அதைப் புதிதாக நிறுவி, முதல் முறையாக ஒரு திட்டத்தைக் கட்டமைக்கும்போது திரையில் ஒரு நீண்ட பிழை வரி வந்து நிற்கும். ‘குட் நாட் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டிஃபாக்ட்’ என்று தொடங்கும். நடுவில் ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு’ என்று இருக்கும். ‘அனேபிள் டு ஃபைண்ட் வேலிட் சர்டிஃபிகேஷன் பாத் டு ரிக்வெஸ்டட் டார்கெட்’ என்று முடியும். அதே முகவரியை உலாவியில் போட்டால் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் பக்கம் திறக்கிறது. இணையம் இருக்கிறது, சர்வரும் இருக்கிறது. ஜாவாவுக்கு மட்டும் என்ன வந்தது?

இந்தக் கேள்வியை இணையத்தில் தேடுகிறவர்களுக்கு இரண்டு பதில்கள் உடனே கிடைக்கும். ஒன்று, சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும். மற்றது, ஏதோ ஒரு சான்றிதழைப் பதிவிறக்கி எங்கோ ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லும். முதலாவது ஆபத்து. இரண்டாவது சில நேரம் பலிக்கும், பல நேரம் பலிக்காது. பலித்தாலும் ஏன் பலித்தது என்று தெரியாது. எந்த ஜாவா ஓடுகிறது, அது எந்தப் பட்டியலைப் பார்க்கிறது, எதிரே இருப்பவர் உண்மையில் எந்தச் சான்றிதழை நீட்டுகிறார் என்ற மூன்றையும் கண்டுபிடித்துவிட்டால் பிழை அநேகமாகத் தானே விளங்கிவிடும். அந்த வரிசையிலேயே போவோம். மேவனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்; அதைப் போன்ற கிரேடிலுக்கும், ஜார் கோப்பாக (ஜாவா நிரலைக் கட்டித் தரும் பொதி) கிடைக்கும் வேறு எந்தக் கட்டளை வரிக் கருவிக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஜாவாவின் பட்டியல் தனி

ஒரு சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது அது தன் சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழில் ஓர் இடைநிலை அமைப்பு கையொப்பமிட்டிருக்கும். அந்த இடைநிலைச் சான்றிதழில் மூலச் சான்றிதழ் அமைப்பு கையொப்பமிட்டிருக்கும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான மூலச் சான்றிதழ் நம் கையில் முன்பே இருந்தால்தான் முழுச் சங்கிலியையும் நம்ப முடியும். பிழைச் செய்தியில் ‘பாத்’ என்று சொல்லப்படுவது இந்தச் சங்கிலியைத்தான்.

குரோமும் எட்ஜும் விண்டோஸ் வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஜாவா வழக்கமாக அந்தப் பக்கம் போவதில்லை. அது ‘கேசர்ட்ஸ்’ என்ற பெயரில் தன் சொந்தக் கோப்பு ஒன்றை வைத்திருக்கிறது. ஒரே வாசலில் நிற்கும் இரண்டு காவலாளிகளிடம் வேறு வேறு விருந்தினர் பட்டியல் இருப்பது போலத்தான். ஒருவர் உள்ளே விட்ட ஆளை மற்றவர் தடுத்தால் வந்தவர் மேல் குற்றமில்லை.

ஜாவா 9 முதல் இந்தக் கோப்பு ஜாவா நிறுவப்பட்ட கோப்புறைக்குள் லிப், அதற்குள் செக்யூரிட்டி என்ற கோப்புறையில் இருக்கும். ஜாவா 8இன் முழு மேம்பாட்டுத் தொகுப்பில் ஜேஆர்இ கோப்புறைக்குள் போய் அதே லிப், செக்யூரிட்டி பாதையைப் பிடிக்க வேண்டும். இதன் வழக்கமான கடவுச்சொல் ‘சேஞ்ச்இட்’. இடைவெளி இல்லாமல், எல்லாம் சிறிய எழுத்தில். ‘மாற்றிவிடு’ என்று கடவுச்சொல்லே கெஞ்சியும் உலகில் யாரும் மாற்றுவதாகத் தெரியவில்லை.

ஜாவாவின் திறந்த மூல வடிவமான ஓப்பன்ஜேடிகேயில் பழையது ஒன்றைத் தோண்டி எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 மார்ச்சில் வந்த ஜாவா 10க்கு முன்பு, ஓப்பன்ஜேடிகேயின் மூல நிரலிலிருந்து கட்டப்பட்ட தொகுப்பில் இந்தக் கோப்பு காலியாகவே இருந்தது. விநியோகிப்பவர்கள்தாம் அதை நிரப்பித் தர வேண்டியிருந்தது. ஜாவா 10இலிருந்துதான் மூலச் சான்றிதழ்கள் அதனுடனேயே வருகின்றன.

முதல் படி: எந்த ஜாவா ஓடுகிறது?

ஒரே கணினியில் இரண்டு மூன்று ஜாவாக்கள் இருப்பது சர்வசாதாரணம். நிரல் எழுதும் செயலிகளான எக்லிப்ஸோ இன்டெல்லிஜேயோ தனக்கென ஒன்றைக் கொண்டுவந்திருக்கும். நீங்கள் ஒன்றை நிறுவியிருப்பீர்கள். அலுவலகம் ஏற்கெனவே ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேசர்ட்ஸ் கோப்பு. ஒன்றில் சான்றிதழைச் சேர்த்துவிட்டு மற்றொன்றை ஓட்டிக்கொண்டு ‘எல்லாம் செய்தேன், சரியாகவில்லை’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

ஜாவா -வெர்ஷன் என்று அடித்துப் பார்ப்பது இங்கே போதாது. கட்டளைகளைக் கணினி தேடும் கோப்புறை வரிசைக்கும் ‘பாத்’ என்றே பெயர்; அதில் முதலில் கிடைக்கும் ஜாவாவைத்தான் அது சொல்லும். மேவனோ ஜாவா_ஹோம் என்ற சூழல் மாறி (கணினியில் பெயரிட்டு வைக்கும் அமைப்பு; இதன் பெயரும் கீழே வரும் மற்ற மாறிகளின் பெயரும் முழுதும் பெரிய எழுத்தில்) சுட்டும் ஜாவாவை எடுத்துக்கொள்ளும். ஆகவே மேவனிடமே கேளுங்கள்:

எம்விஎன் -வி

வெளியீட்டில் ‘ஜாவா வெர்ஷன்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘ரன்டைம்’ என்று போட்டு ஒரு கோப்புறைப் பாதை இருக்கும். பழைய மேவன் பதிப்புகளில் ‘ஜாவா ஹோம்’ என்று தனி வரியாக வரும். அந்தப் பாதையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இனிச் செய்யப்போகும் எல்லா வேலையும் அந்த ஜாவாவுக்குத்தான்.

இரண்டாம் படி: பிழையின் கடைசி வரி

ஜாவாவின் பிழைச் செய்தி நீளமானது. அதில் மேல் வரிகளைவிடக் கீழ் வரிகளுக்கே மதிப்பு அதிகம். மேவன் கட்டளையின் இறுதியில் -இ என்று சேர்த்து மறுபடி ஓட்டினால் முழு விவரமும் கொட்டும். அதில் ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதைத் தேடுங்கள். மேலே இருக்கும் ‘எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக் எக்ஸெப்ஷன்’ என்பது பொதுப்பெயர். காய்ச்சல் என்று மட்டும் சொல்வதற்குச் சமம். கடைசிக் ‘காஸ்டு பை’தான் காரணத்தைச் சொல்லும்.

அங்கே ‘பில்டிங் ஃபெயில்டு’ என்றிருக்கிறதா, ‘வேலிடேஷன் ஃபெயில்டு’ என்றிருக்கிறதா என்பதைக் கண்ணூன்றிப் பாருங்கள். இரண்டும் பிகேஐஎக்ஸ் என்றே தொடங்குவதால் பலர் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். முதலாவது, சங்கிலியைக் கட்டவே முடியவில்லை, நம் பட்டியலில் உள்ள எந்த மூலத்தோடும் இணைக்க முடியவில்லை என்கிறது. இரண்டாவது, சங்கிலி கிடைத்தது, ஆனால் அதில் ஏதோ ஒரு கண்ணி செல்லாது என்கிறது. காலாவதி பெரும்பாலும் இந்த வகையில் வரும். முதலாவதற்குச் சான்றிதழ் சேர்ப்பது மருந்தாகலாம். இரண்டாவதற்கு அது உதவாது.

மூன்றாம் படி: சர்வர் எதை நீட்டுகிறது?

ஜாவாவோடு ‘கீடூல்’ என்ற சிறு கருவி வருகிறது. முதல் படியில் குறித்த பாதைக்குள் ‘பின்’ என்ற பெயருள்ள கோப்புறையில் இருக்கும் கீடூலையே ஓட்டுங்கள். மேவன் நூலகங்களை எடுக்கும் மையக் களஞ்சியத்தைச் சோதிக்க இப்படி அடிக்கலாம்:

கீடூல் -ப்ரின்ட்செர்ட் -எஸ்எஸ்எல்சர்வர் ரெப்போ.மேவன்.அப்பாச்சி.ஆர்க்

இந்தக் கட்டளையின் அழகு, நம்பாத சான்றிதழையும் இது காட்டிவிடும் என்பதுதான். முகவரிக்குப் பின் முக்காற்புள்ளி இட்டுத் துறை எண் சேர்க்கலாம். சேர்க்காவிட்டால் 443 என்று எடுத்துக்கொள்ளும். அலுவலகத்தில் ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வர் வழியாகத்தான் வெளியே போக முடியும் என்றால், -ஜே என்பதை முன்னொட்டாக வைத்து ப்ராக்ஸியின் பெயரையும் எண்ணையும் எச்டிடிபிஎஸ்.ப்ராக்ஸிஹோஸ்ட், எச்டிடிபிஎஸ்.ப்ராக்ஸிபோர்ட் என்ற பண்புகளாக (ஜாவாவுக்குப் பெயரும் மதிப்புமாகத் தரும் அமைப்புகள்) கொடுக்க வேண்டும். ஜேயும், ஹோஸ்ட், போர்ட் என்பவற்றின் முதல் எழுத்தும் பெரியவை.

வெளியீட்டில் ‘சர்டிஃபிகேட் #0’, ‘சர்டிஃபிகேட் #1’ என்று ஒவ்வொன்றாக வரும். பூஜ்யம்தான் சர்வரின் சொந்தச் சான்றிதழ். அதில் ‘ஓனர்’ என்ற வரி யாருடையது என்று சொல்லும். ‘இஷ்யூயர்’ என்ற வரி யார் கொடுத்தது என்று சொல்லும். ‘வேலிட் ஃப்ரம்’ வரியில் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும். உங்கள் கண் போக வேண்டிய இடம் இஷ்யூயர்.

அங்கே உலகறிந்த சான்றிதழ் நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால் அது சர்வரின் அசல் சான்றிதழ் என்று கொள்ளலாம். நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரோ, அலுவலகப் பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ, வீட்டுக் கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால், மர்மம் அங்கேயே உடைந்தது. நடுவில் ஒருவர் இணைப்பைப் பிரித்துப் படித்துவிட்டு, தன் கையொப்பத்தோடு புதிய சான்றிதழ் ஒன்றை ஒட்டி உங்களிடம் அனுப்புகிறார். நிறுவனங்கள் பாதுகாப்புக்காக இதை வெளிப்படையாகவே செய்கின்றன. அலுவலகக் கணினியின் விண்டோஸ் பட்டியலில் அவர்களுடைய மூலச் சான்றிதழ் முன்பே ஏற்றப்பட்டிருக்கும். அதனால் உலாவிக்குச் சிக்கல் இல்லை. ஜாவாவின் தனிப் பட்டியலை நினைத்துப் பார்ப்பவர் குறைவு. வீட்டில் ஓடும் கட்டமைப்பு அலுவலகத்தில் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நான்காம் படி: அலுவலக மூலச் சான்றிதழைச் சேர்ப்பது

சேர்க்க வேண்டியது மூலச் சான்றிதழை. பூஜ்ய எண்ணில் தெரியும் சர்வரின் சான்றிதழைச் சேர்த்தால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் வழி திறக்கும். மேவன் அடுத்த களஞ்சியத்துக்குப் போனதும் மறுபடி அதே பிழை. தவிர, சர்வர் சான்றிதழ்களின் ஆயுள் சிறியது. பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் 2020 செப்டம்பரிலிருந்து 398 நாளுக்கு மேற்பட்ட சான்றிதழ் தருவதில்லை. அந்த வரம்பும் குறைந்துகொண்டே வருகிறது.

மூலச் சான்றிதழை உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டு வாங்குவதே முறை. அவர்கள் பதில் தரத் தாமதித்தால், விண்டோஸில் செர்ட்எம்ஜிஆர்.எம்எஸ்சி என்பதைத் திறந்து, நம்பகமான மூலச் சான்றிதழ் அமைப்புகள் என்ற பிரிவில் அந்த இஷ்யூயர் பெயரைத் தேடி, பேஸ்-64 வடிவில் ஏற்றுமதி செய்யலாம். மேக் கணினியில் கீசெயின் ஆக்ஸஸ் செயலியிலிருந்து எடுக்கலாம். எடுத்த கோப்பின் பெயர் ஆபீஸ்.சிஇஆர் என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து எடுத்தாலும் சேர்ப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்:

கீடூல் -ப்ரின்ட்செர்ட் -ஃபைல் ஆபீஸ்.சிஇஆர்

‘ஷா256’ என்ற வரியில் இரண்டிரண்டு எழுத்துகளாக முக்காற்புள்ளி இட்டு ஒரு நீண்ட கைரேகை வரும். அதைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு சொல்லும் கைரேகையோடு ஒப்பிடுங்கள். தொலைபேசியில் முதல் எட்டையும் கடைசி எட்டையும் படித்துக் காட்டச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு மூலச் சான்றிதழைச் சேர்ப்பது, அதன் சொந்தக்காரர் எந்த இணையதளத்தின் பெயரில் சான்றிதழ் கொடுத்தாலும் நம்புவேன் என்று ஒப்புக்கொள்வது. யாரென்று பார்த்துச் செய்ய வேண்டாமா?

சேர்க்க இரண்டு வழி உண்டு. ஜாவாவின் கேசர்ட்ஸ் கோப்பிலேயே நேரடியாகச் சேர்ப்பது ஒன்று. ஜாவா 9 முதல் கட்டளை சுருக்கமானது:

கீடூல் -இம்போர்ட்செர்ட் -கேசர்ட்ஸ் -அலியாஸ் ஆபீஸ்ரூட் -ஃபைல் ஆபீஸ்.சிஇஆர்

கடவுச்சொல் கேட்கலாம், பிறகு சான்றிதழ் விவரத்தைக் காட்டி நம்பலாமா என்று கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் ‘நோ’ என்று எடுத்துக்கொள்ளும். ‘யெஸ்’ என்று அடிக்க வேண்டும். ‘சர்டிஃபிகேட் வாஸ் ஆடட் டு கீஸ்டோர்’ என்று வந்தால் முடிந்தது. ஜாவா 8இல் -கேசர்ட்ஸ் என்ற சுருக்கம் கிடையாது. -கீஸ்டோர் என்று போட்டுக் கோப்பின் முழுப்பாதையைத் தர வேண்டும். ஜாவா நிர்வாகியின் இடத்தில் நிறுவப்பட்டிருந்தால் விண்டோஸில் நிர்வாகி முனையமும் லினக்ஸில் சூடோவும் தேவைப்படும்.

இந்த வழியின் குறை, ஜாவாவைப் புதுப்பிக்கும் நாளில்தான் தெரியும். புதிய ஜாவா புதிய கேசர்ட்ஸோடு வரும். நீங்கள் சேர்த்தது பழைய கோப்புறையோடு போய்விடும். மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய கட்டமைப்பு ஒரு திங்கட்கிழமை காலையில் திடீரென்று நிற்கும். எனவே இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்: கேசர்ட்ஸ் கோப்பை உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் நகலெடுத்து, நகலில் மூலச் சான்றிதழைச் சேர்த்து, அந்த நகலைப் பார்க்கும்படி ஜாவாவுக்குச் சொல்வது. ஓராண்டுக்கு ஒரு முறையாவது புதிய கேசர்ட்ஸிலிருந்து நகலை மறுபடி எடுக்க வேண்டும் என்பது இதற்கான விலை.

நகல் ஏன்? ஆபீஸ் சான்றிதழை மட்டும் வைத்துப் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கினால் போதாதா? போதாது. நீங்கள் சுட்டும் கோப்பு, ஜாவாவின் பட்டியலோடு கூட்டிச் சேர்க்கப்படுவதில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்துகொள்ளும். ஆபீஸ் சான்றிதழ் மட்டும் உள்ள கோப்பைக் கொடுத்தால், நடுவில் இருப்பவர் பிரித்துப் பார்க்காத தளங்கள் எல்லாம் அன்றே தோல்வியடையத் தொடங்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்று உடைந்தது என்று தலையைச் சொறிபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நகலைச் சுட்டும் பண்பின் பெயர்:

-டிஜாவாக்ஸ்.நெட்.எஸ்எஸ்எல்.ட்ரஸ்ட்ஸ்டோர்=நகலின் முழுப்பாதை

ஹைஃபனுக்கு அடுத்த டி பெரிய எழுத்து. ட்ரஸ்ட்ஸ்டோர் என்பதன் நடுவில் ஸ்டோர் தொடங்கும் எஸ்ஸும் பெரிய எழுத்து. அதைச் சிறியதாக அடித்தால் ஜாவா எந்தப் பிழையும் சொல்லாது. பெயர் தெரியாத பண்பு என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டுப் பழைய கேசர்ட்ஸையே பார்க்கும். கூடவே இதே பெயரின் இறுதியில் பாஸ்வேர்ட் என்று சேர்த்த பண்பில் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுங்கள். அதில் பாஸ்வேர்டின் முதல் பியும் பெரிய எழுத்து.

மேவனுக்கு இந்த இரண்டையும் மேவன்_ஆப்ட்ஸ் என்ற சூழல் மாறியில் போடலாம். ஒரு திட்டத்துக்கு மட்டும் வேண்டுமென்றால், திட்டத்தின் வேரில் புள்ளியோடு தொடங்கும் எம்விஎன் என்ற கோப்புறையை உருவாக்கி, அதற்குள் ஜேவிஎம்.கான்ஃபிக் என்ற கோப்பில் எழுதலாம். கணினியில் ஓடும் எல்லா ஜாவாவுக்கும் வேண்டுமென்றால் ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ் என்ற மாறி இருக்கிறது. அதைப் போட்டால் ஒவ்வொரு ஜாவா கட்டளையும் ‘பிக்டு அப்’ என்று தொடங்கும் ஒரு வரியை முதலில் அச்சிடும். அதைப் பிழை என்று பயப்பட வேண்டாம்.

ஜார் கோப்பை நேரடியாக ஓட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: -டி என்று தொடங்கும் பண்புகள் -ஜார் என்பதற்கு முன்னால் வர வேண்டும். ஜார் பெயருக்குப் பின்னால் எழுதினால் அவை ஜாவாவுக்குப் போகாது. நிரலின் சொந்த உள்ளீடாகப் போய்விடும்.

விண்டோஸில் குறுக்குவழி ஒன்றும் உண்டு. மேலே சொன்ன ட்ரஸ்ட்ஸ்டோர் பண்பின் முழுப்பெயரோடு டைப் என்று (முதல் எழுத்து பெரியது) சேர்த்த பண்புக்கு விண்டோஸ்-ரூட் என்று மதிப்பு கொடுத்தால் ஜாவா விண்டோஸின் மூலச் சான்றிதழ்ப் பட்டியலையே பார்க்கும். அலுவலகம் அங்கே சான்றிதழை ஏற்றி வைத்திருக்கும் கணினியில் கோப்பு, நகல், இறக்குமதி எதுவும் இல்லாமல் காரியம் முடியும். லினக்ஸ் கணினிக்கோ, நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்கோ அந்த அமைப்பை அப்படியே கொண்டுபோக முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

சேர்த்த பிறகு வேறொரு பிழை

‘ட்ரஸ்ட்ஆங்கர்ஸ் பாராமீட்டர் மஸ்ட் பி நான்-எம்ப்டி’ என்று வந்தால் ஜாவா பார்த்த பட்டியல் காலியாக இருந்தது என்று பொருள். முதல் சந்தேகம் பாதையில் எழுத்துப்பிழை. நீங்கள் சுட்டும் கோப்பு அங்கே இல்லாவிட்டால் ‘கோப்பு இல்லை’ என்று ஜாவா சொல்வதில்லை. காலிப் பட்டியலோடு தொடர்ந்து ஓடிக் கடைசியில் இந்தப் புதிரான வாக்கியத்தைத் துப்பும். இரண்டாவது சந்தேகம் கடவுச்சொல். சான்றிதழ்களைச் சேமிக்கும் பிகேசிஎஸ்12 வகைக் கோப்புகளில் அவை மறையாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். கடவுச்சொல் தராவிட்டால் சான்றிதழ்கள் படிக்கப்படாமலே விடப்படும். கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுத்தால் ‘கீஸ்டோர் வாஸ் டாம்பர்டு வித், ஆர் பாஸ்வேர்ட் வாஸ் இன்கரெக்ட்’ என்று வரலாம். கோப்பை யாரோ சிதைத்துவிட்டதாகப் பதற வேண்டியதில்லை.

எந்தக் கோப்பைத்தான் பார்க்கிறது என்று உறுதி செய்ய ஜாவாக்ஸ்.நெட்.டீபக் என்ற பண்புக்கு ‘ஆல்’ என்று கொடுங்கள். வெளியீடு வெள்ளமாக வரும்; ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, அதில் ‘ட்ரஸ்ட்ஸ்டோர் ஈஸ்’ என்ற சொற்களைத் தேடுங்கள். அந்த வரியில் இருக்கும் பாதை நீங்கள் நினைத்த பாதைதானா என்று பாருங்கள். அந்தக் கோப்பை வேறு யாருக்கும் அப்படியே அனுப்பாதீர்கள். பரிமாறப்பட்ட தரவும் அதில் இருக்கக்கூடும்.

மேவனுக்கே உரிய ஒரு குசும்பையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு முறை பதிவிறக்கம் தோற்றால் அந்தத் தோல்வியைத் தன் உள்ளூர்க் களஞ்சியத்தில் குறித்துவைத்துக்கொள்ளும். நீங்கள் சான்றிதழைச் சரியாகச் சேர்த்த பிறகும், ‘திஸ் ஃபெயிலியர் வாஸ் கேஷ்டு’ என்று பழைய கதையையே அது திருப்பிச் சொல்லலாம். கட்டளையில் -யு என்று, யு பெரிய எழுத்தில், சேர்த்து ஓட்டினால் மறுபடி முயற்சி செய்யும். சரியான தீர்வைச் செய்துவிட்டு, பலிக்கவில்லை என்று அதை அழித்துவிட்டு வேறு வழி தேடுவது இந்தக் குறிப்பு தெரியாததால்தான்.

இஷ்யூயர் சரியாக இருந்தும் பிழை வந்தால்

சர்டிஃபிகேட் #0 மட்டும் வருகிறது, #1 இல்லை, இஷ்யூயர் ஓர் உலகறிந்த நிறுவனத்தின் இடைநிலை அமைப்பு என்றால், சர்வரை அமைத்தவர் இடைநிலைச் சான்றிதழை வைக்க மறந்துவிட்டார். பல உலாவிகள் விடுபட்ட கண்ணியைத் தாமே தேடி நிரப்பிக்கொள்ளும். ஜாவா வழக்கமாக அதைச் செய்வதில்லை. காம்.சன்.செக்யூரிட்டி.எனேபிள்ஏஐஏசிஏஇஷ்யூயர்ஸ் என்று ஒரு பண்பு இருக்கிறது. அதற்கு ‘ட்ரூ’ என்று கொடுத்தால் ஜாவாவும் தேடும். பெயரில் எந்த எழுத்து பெரியது, எது சிறியது என்று ஊகிக்காதீர்கள். இத்தகைய நீண்ட பெயர்களை ஜாவாவின் ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவதே உத்தமம். உண்மையான தீர்வு சர்வரைச் சரிசெய்யச் சொல்வது.

சங்கிலி முழுதாக வருகிறது, நடுவில் பிரித்துப் படிப்பவர் யாரும் இல்லை, அப்படியும் ‘பில்டிங் ஃபெயில்டு’ என்றால் ஜாவா கிழடாகிவிட்டதா என்று பாருங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற மூலச் சான்றிதழ் ஜாவா 8இல் 2017 ஜூலையில் வந்த 141ஆம் புதுப்பிப்பில்தான் சேர்ந்தது. அதற்குச் சற்று முந்தைய ஜாவாக்கள் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற இன்னொரு மூலத்தின் தயவில் ஓடிக்கொண்டிருந்தன. அது 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. இந்த நிலையில் ஒவ்வொரு சான்றிதழாகச் சேர்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. ஜாவாவைப் புதுப்பித்துவிடுங்கள்.

‘நாட்ஆஃப்டர்’ என்று ஒரு தேதியோடு வந்தால் காலாவதி. ‘நாட்பிஃபோர்’ என்றால் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை, அதாவது பெரும்பாலும் உங்கள் கணினியின் கடிகாரம் பின்னால் ஓடுகிறது. மின்கலம் செத்த மடிக்கணினியிலும், உறங்க வைத்து எழுப்பிய மெய்நிகர் கணினியிலும் இது நடக்கும். சான்றிதழைத் தொடும் முன் தேதியைப் பாருங்கள்.

‘நோ சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ்’ என்று தொடங்கும் செய்தி பெயர்ப் பொருத்தமின்மை. சான்றிதழில் எழுதியிருக்கும் பெயரும் நீங்கள் அடித்த முகவரியும் வேறு. உள் சர்வரை ஐபி எண்ணால் அழைக்கும்போது அடிக்கடி வரும். சான்றிதழில் உள்ள பெயராலேயே அழைத்தால் போய்விடும்.

‘அன்சப்போர்ட்டட் ஆர் அன்ரெகக்னைஸ்டு எஸ்எஸ்எல் மெசேஜ்’ என்றால், எதிர்த்துறை பாதுகாப்பு மொழியே பேசவில்லை, வெறும் எச்டிடிபி பேசுகிறது. ப்ராக்ஸியின் எண்ணையோ சர்வரின் துறை எண்ணையோ மாற்றிப் போட்டிருப்பீர்கள்.

சான்றிதழைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் ‘ப்ரோட்டோகால்_வெர்ஷன்’ என்றோ ‘ஹேண்ட்ஷேக்_ஃபெயிலியர்’ என்றோ வந்தால் சான்றிதழை மறந்துவிடுங்கள். இரு தரப்புக்கும் பொதுவான டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்புக்கான நெறிமுறை) பதிப்போ மறையாக்க முறையோ அமையவில்லை. ஜாவா 7இன் பழைய புதுப்பிப்புகள் தாமாக டிஎல்எஸ் 1.0 மட்டுமே பேசும். மேவனின் மையக் களஞ்சியம் 2018 ஜூனிலேயே 1.0, 1.1 இரண்டையும் நிறுத்திவிட்டது. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: 2021 ஏப்ரல் புதுப்பிப்புகளிலிருந்து ஜாவாவே 1.0ஐயும் 1.1ஐயும் முடக்கிவிட்டதால், பழைய உள் சர்வரோடு பேசும் கருவி ஜாவாவைப் புதுப்பித்த மறுநாள் ‘நோ அப்ரோப்ரியேட் ப்ரோட்டோகால்’ என்று நிற்கலாம். ஜாவா.செக்யூரிட்டி கோப்பைத் திருத்தி முடக்கத்தை நீக்க முடியும்தான். சர்வரைப் புதுப்பிக்க வேண்டியவர்களுக்கு அது நல்ல சாக்காகிவிடும்.

இவற்றைப் பயமில்லாமல் பார்த்துப் பழக பேட்எஸ்எஸ்எல்.காம் என்ற சோதனைத் தளம் இருக்கிறது. எக்ஸ்பயர்டு, செல்ஃப்-சைன்டு, ராங்.ஹோஸ்ட் என்று ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு துணை முகவரி. கீடூலால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தால் வெளியீட்டில் எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று கை பழகிவிடும்.

அணைத்துவிடும் சுவிட்சுகள்

மேவனில் மேவன்.வேகன்.எச்டிடிபி.எஸ்எஸ்எல்.இன்செக்யூர் என்று ஒரு பண்பு உண்டு. ‘ட்ரூ’ என்று கொடுத்தால் சான்றிதழ்ச் சோதனை நின்றுவிடும். பழைய குறிப்புகளைப் பார்த்து இதைப் போடுகிறவர்களுக்கு மேவன் 3.9 முதல் இது பலிக்காது. பதிவிறக்கும் உள்பொறி மாறிவிட்டது. நல்லதாயிற்று என்றே சொல்வேன். மேவன் கொண்டுவருவது வெறும் படமோ பக்கமோ அல்ல, உங்கள் கணினியில் உங்கள் அனுமதியோடு ஓடப்போகும் நிரல். அதை யார் அனுப்பினார் என்று பார்க்காமல் இறக்கி ஓட்டுவதற்கு இந்தச் சுவிட்சு வழிவிடுகிறது. எச்டிடிபிஎஸ்ஸை எச்டிடிபியாக மாற்றித் தப்பிப்பதும் இனி நடக்காது: மையக் களஞ்சியம் 2020 ஜனவரி 15 முதல் வெறும் எச்டிடிபிக்கு 501 என்ற பிழை எண்ணைக் காட்டிக் கதவை மூடுகிறது, மேவன் 3.8.1 முதல் வெளி எச்டிடிபி களஞ்சியங்களைத் தானே தடுக்கிறது.

டாக்கருக்குள்

உங்கள் கணினியில் எல்லாம் சரியாகி, டாக்கருக்குள் கட்டும்போது மறுபடி அதே பிழை வந்தால் வியக்க வேண்டாம். கன்டெய்னருக்குள் இருப்பது வேறு ஜாவா, வேறு கேசர்ட்ஸ். டாக்கர்ஃபைலில் மேவனை ஓட்டும் வரிக்கு முன்னால் சான்றிதழை உள்ளே நகலெடுத்து, கீடூல் இறக்குமதிக் கட்டளையை ஓட்ட வேண்டும். அங்கே கேள்வி கேட்க ஆளில்லை என்பதால் -நோப்ராம்ப்ட் சேர்த்து, கடவுச்சொல்லை -ஸ்டோர்பாஸ் வழியாகத் தர வேண்டும். டெபியன், உபுண்டு தொகுப்பிலிருந்து வந்த ஜாவா என்றால் கேசர்ட்ஸ் பொதுவாக ஈடிசி, எஸ்எஸ்எல், செர்ட்ஸ், ஜாவா என்ற பாதையில் உள்ள கோப்புக்கான இணைப்பு. அங்கே அமைப்பின் அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் கட்டளையே ஜாவாவின் பட்டியலையும் சேர்த்துப் புதுப்பிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் தீரவில்லை என்றால் வலையமைப்புக் குழுவுக்கு எழுதுங்கள். ‘மேவன் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் ‘எங்களுக்குத் திறக்கிறதே’ என்று பதில் வரும். எம்விஎன் -வி கொடுத்த ரன்டைம் பாதை, கடைசிக் ‘காஸ்டு பை’ வரி, கீடூல் காட்டிய ஓனர், இஷ்யூயர், ஷா256 கைரேகை, பிழை நிகழ்ந்த நேரம் ஆகியவற்றை ஒட்டி அனுப்புங்கள். அந்த நேரத்தை வைத்து அவர்கள் ப்ராக்ஸியின் பதிவேட்டில் உங்கள் இணைப்பைத் தேடி எடுக்க முடியும்.